நாணயம் இழந்தது யார்?

"ஒரு நாட்டுப் பணத்தை மறுநாட்டுப் பணமாக மாற்றுவது வெறும் பெருக்கல் கணக்கு. அதிலே அரசியல் ஏது? நீதி ஏது, அநீதி ஏது?" என்று கேட்கின்றனர் சில கனவான்கள்.

கேட்கட்டும்! கொடைக்கானல் ஏரிக்கரையிலே குளிர்காற்று வாங்கிக்கொண்டு கேட்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். 1845 இல் அமெரிக்க மதுரை மிஷனார் குடிலமைத்த நாள்முதல் டாலரும் பவுனும் ஏறிவந்த மலை அது. டாலர் வந்தால் வரவேற்பு! பவுன் வந்தால் பணிவு!

ஆனால் தோழர்களே, அதே பழனிமலைத் தொடரிலே, மஞ்சு தவழும் அதே சரிவுகளிலே, வேறொரு நாட்டுப் பணத்துக்குரியவர்களாக வந்து குடியேறிய மக்கள் உண்டு. வந்தவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். உழைத்து உழைத்து உருக்குலைந்தவர்கள். அவர்களுடைய பணம் இலங்கை ரூபாய். அந்த ரூபாயின் கதையைப் பெருக்கல் வாய்பாட்டால் சொல்லிவிட முடியாது. பொருளாதாரப் பட்டம் பெற்றவனல்லன் யான்; கல்லூரிப் படிகளைப் பாதியிலேயே இறங்கி மேடைப் படிகளில் ஏறியவன். எனினும் கூட்டலும் கழித்தலும் அறிவேன். யாரிடம் கூட்டினர், யாரிடம் கழித்தனர் என்பதையும் அறிவேன்.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குச் செல்லுங்கள். அங்கே நின்று கீழ்நோக்கினால் பழனி தெரியும். அந்தக் கோயிலை 1936 இல் எழுப்பியவர், இலங்கைத் தமிழர் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார். சைவம் தழுவிய ஐரோப்பிய மாது லீலாவதி அம்மையார். அந்நாளில் இலங்கை ரூபாய் ஒன்றுக்கு இந்திய ரூபாய் ஒன்று. ஈழத்துச் செல்வம் கடல் கடந்து இந்த மலையேறியபோது அதன் மதிப்பிலே ஒரு காசும் தேயவில்லை.

ஏன் அந்தச் சமநிலை? நட்புக்காகவா? நாகரிகத்துக்காகவா? அல்ல, அல்ல! 1872 இல் இந்திய வெள்ளி ரூபாயே இலங்கையின் நாணயம் ஆக்கப்பட்டது. அணாவும் பைசாவும் இராமல் நூறு சதம் என்று பிரித்தார்கள், அவ்வளவுதான் வேற்றுமை. திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணி அழைத்துச் சென்ற தொழிலாளிக்குக் கூலி கொடுக்க வேண்டும். அவன் உண்ண இந்தியாவிலிருந்து அரிசி வாங்க வேண்டும். ஆகவே ஆட்கள் புறப்பட்ட நாட்டின் காசு, ஆட்கள் சென்ற நாட்டுக்கும் போயிற்று. ஆளோடு சேர்த்துக் காசையும் கப்பலேற்றினான் வெள்ளையன்!

அதிலே அவன் கண்ட ஆதாயத்தைப் பாருங்கள். 1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய இரண்டு ஷில்லிங். உலகச் சந்தையில் வெள்ளி விலை வீழ, 1893 அளவில் அதே ரூபாய்க்கு ஒன்றேகால் ஷில்லிங்தான். இலண்டனில் தேயிலையை விற்றுத் தோட்டத் துரை பெற்றது பவுன். மலையிலே அவன் அளந்தது தேய்ந்த வெள்ளி. பவுனில் வரவு, வெள்ளியில் செலவு! இடையே உள்ள இலாபத்துக்கு எந்தப் பாத்தியிலும் உரமிடவில்லை, எந்தச் செடியிலும் கொழுந்து கிள்ளவில்லை. தொழிலாளியின் வயிற்றிலிருந்து கிள்ளினார்கள்.

அவனுக்கோ கூலிக்கு முன்னரே கடன். கடன் தொகையை எழுதிய 'துண்டு' ஒன்று. வேறு தோட்டத்துத் துரை அந்தக் கடனைக் கட்டினால், ஆள் கைமாறுவான். இந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921 இல்தான். அதுவரை ஒரு துண்டுக் காகிதம்தான் மனிதனுக்கு மாற்றுவிலை!

பின்பு வந்தது சுதந்திரம். யாருக்கு? 1948 இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1950 ஆகஸ்டு 28 இல் இலங்கை மத்திய வங்கி பிறந்தது. இலங்கை ரூபாய்க்கு அதுவரை இல்லாத தனித் தகுதி கிடைத்தது. இரண்டே ஆண்டு இடைவெளி. காகிதத்துக்கு நாடு கொடுத்தார்கள். அந்தக் காகிதத்துக்கு மதிப்புத் தந்த தேயிலையைப் பறித்த கைகளுக்கு நாடு இல்லை என்றார்கள்! இதைவிட நாணயமற்ற செயல் ஒன்று உண்டோ?

1964 அக்டோபர் 30. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். பார்த்தார்கள், 1974 இல். ஆளுக்கு எழுபத்தையாயிரம் என்று பாதிப் பாதி! பூத்த குறிஞ்சி மீண்டும் பூக்கப் பன்னிரண்டு ஆண்டு. இந்தப் பிரிவினையை முடிக்க அவர்கள் குறித்த காலம் பதினைந்து ஆண்டு. யாரைப் பிரித்தார்களோ, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களில்லை.

அந்த ஒப்பந்தத்திலே பணத்தைப் பற்றியும் ஒரு பிரிவு உண்டு. செல்வோர் தம் சேமிப்பையும், சேமலாப நிதியையும், பணிக்கொடையையும் எடுத்துச் செல்லலாம் என்கிறது ஒரு வாக்கியம். ஆகா, தாராளம்! ஆனால் ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய தொகையின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்குவதில்லை என்கிறது அடுத்த வாக்கியம். அதாவது, எல்லாம் உன்னுடையதே. ஆனால் எல்லைக்கோடு எம்முடையது!

நாலாயிரம்! எந்த நாட்டு ரூபாயில்? அன்று அக்கேள்வி எழவில்லை; ஏனெனில் ஒன்றுக்கு ஒன்று. ஒரு டாலருக்கு இங்கும் 4.76, அங்கும் 4.76. விலை மாறினால் நட்டம் யாருடையது என்று அந்தக் கடிதங்கள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட இடத்திலேதான் ஏழையின் தலை உருண்டது.

1966 ஜூன் 6: இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது; டாலருக்கு 7.50. சமவிலைக் கணக்குப்படி இலங்கை ரூபாய் நாலாயிரத்துக்கு இந்திய ரூபாய் 6,300. அந்த நல்ல வேளையில் மக்கள் வரமுடிந்ததா? ஒப்பந்தத்தை நிறைவேற்றும் இலங்கைச் சட்டம் வந்ததே 1967 இல். நடைமுறைக்கு வந்தது 1968 இல்! காசு உயர்ந்திருந்தபோது கதவு திறக்கவில்லை.

1967 நவம்பர்: பவுனின் மதிப்பு இறங்க, இலங்கையும் இறக்கிற்று, டாலருக்கு 5.95. நாலாயிரம் இப்போது 5,040. 1968 மே மாதம்: ஒரே ரூபாய்க்கு இரண்டு விலை! அரிசி போன்ற அத்தியாவசியப் பொருளுக்கு ஒரு விலை. மற்றவற்றுக்கு அந்நியச் செலாவணிச் சான்றிதழ் வாங்கிக் கூடுதல் விலை. கதவு திறந்த ஆண்டும் காசு இரண்டுபட்ட ஆண்டும் ஒன்றே!

1977 ஆகஸ்டு: இலங்கையில் இனக்கலவரம், தோட்டத்துத் தமிழரையும் அது விட்டுவைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பர்: ஜெயவர்த்தனா ஆட்சி இரட்டை விலையை ஒழித்து ரூபாயை மிதக்கவிட்டது, டாலருக்கு 16! இந்திய ரூபாயோ எட்டரையைச் சுற்றி நின்றது. நாலாயிரம் இலங்கை ரூபாய் இரண்டாயிரத்துச் சொச்சமாய்ச் சுருங்கிற்று. ஆகஸ்டிலே ஆளை விரட்டினார்கள். நவம்பரிலே அவன் மடியைப் பாதியாக்கினார்கள்.

நாடகம் எழுதுபவன் நான். இதைக் காட்சியாகவே காண்கிறேன். மேசைக்குப் பின்னே ஓர் அதிகாரி. முன்னே ஒரு முதியவர்.

"எவ்வளவு வைத்திருக்கிறாய்?"

"நாற்பது வருச உழைப்புங்க, ஐயா."

"உழைப்பைக் கேட்கவில்லை. தொகையைக் கேட்டேன்."

"என் தமையன் போன வருசம் போனாருங்க. இதே தொகைக்கு அவருக்குக் கூடக் கிடைச்சுதே, ஐயா?"

"அது போன வருடம். ரூபாயின் மதிப்பு இறங்கிவிட்டது."

"நான் பறிச்ச கொழுந்தோட எடை இறங்கலீங்களே, ஐயா!"

அந்தக் கிழவரின் கேள்விக்கு எந்தப் பொருளாதாரப் புலவரிடம் விடை இருக்கிறது?

இராமேசுவரத்தில் இறங்கினார்கள், மண்டபம் முகாமில் பதிந்தார்கள், 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் பெற்றார்கள். தேயிலைச் சரிவிலே வளர்ந்தவர்களைச் சமவெளி வெயில் வாட்டிற்று. மலையைத் தேடினர். நீலகிரிக்குச் சென்றோர் பலர். கொடைக்கானல் மலைக்கு வந்தோரும் பலர். இங்கே அவர்களுக்காகக் காத்திருந்தது என்ன? வாட்டில் மரமும் தைல மரமும். தோல் பதனிடப் பட்டை உரிக்கும் வேலை. ஒப்பந்தக்காரன் நீட்டிய முன்பணம். தேய்ந்த நாலாயிரம் தீர்ந்த இடத்தில் முன்பணம் தொடங்கிற்று. முன்பணம் தொடங்கிய இடத்தில் விடுதலை முடிந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976 இலேயே வந்துவிட்டது. ஆயினும் 1980களில் இந்த மலைக்காடுகளிலே தாயகம் திரும்பியோர் கொத்தடிமைகளாய்க் கிடந்தது அம்பலமாயிற்று. அன்று கங்காணியின் துண்டு; இன்னொரு நாளிலே ஒப்பந்தக்காரனின் குறிப்பேடு. நாடு மாறிற்று, நாணயம் மாறிற்று. கடன் மட்டும் மாறவில்லை!

"இலங்கையிடம் அந்நியச் செலாவணி இல்லை, என்ன செய்யும் பாவம்?" என்று பரிவு காட்டுவர் சிலர். பரிவு நன்று. ஆனால் அந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த முதற்பெரும் சரக்கு எது? தேயிலை! பறித்தது யார்? இவர்கள்! கிணறு வெட்டியவனிடமே "தண்ணீர் இல்லை, போ" என்பது எந்த ஊர் நியாயம்?

"மறுவாழ்வுக் கடன் கொடுத்தோமே" என்பர் வேறு சிலர். கடன் கொடுத்தீர்கள், ஐயா! அவனுக்குச் சேரவேண்டியது சொத்து. நீங்கள் கொடுத்தது கடன். பறிபோனதைத் திருப்பித் தராமல், பறிகொடுத்தவனையே கடனாளி ஆக்குவதற்கு மறுவாழ்வு என்றா பெயர்?

"பழங்கதை ஏன்?" என்பர் இன்னும் சிலர். பழங்கதையா? 2022 மார்ச்சின் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் 360. 2021 இல் போராடிப் பெற்ற தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாய். ஐந்து டாலராய் இருந்த அந்தக் கூலி, இரண்டே மாதத்தில் மூன்று டாலருக்கும் கீழே போயிற்று. அங்கேயே தங்கிவிட்ட அண்ணனின் கூலியும் தேய்ந்தது. இங்கே வந்த தம்பியின் சேமிப்பும் தேய்ந்தது. ஆட்சியாளர் கணக்குப் பிழைக்கும்போதெல்லாம் அபராதம் கட்டுபவன் கணக்கு எழுதத் தெரியாதவனே!

ஆகவே நாம் கேட்கிறோம். இரு அரசுகளும் வெள்ளை அறிக்கை வெளியிடட்டும். தாயகம் திரும்பியோர்க்குச் சேரவேண்டிய சேமலாப நிதி எவ்வளவு, அனுப்பப்பட்டது எவ்வளவு, எந்த நாளில் எந்த விலைக்கு மாற்றப்பட்டது என்று கணக்குக் காட்டட்டும். ஒன்றுக்கு ஒன்று என்றிருந்த நாளில் கொடுத்த வாக்கு அது. குறைந்ததை ஈடுசெய்வது தானமன்று, கடமை. கையிலே கொடுக்க இயலாதெனில் காலடியிலே கொடுங்கள்! இம்மலையிலே அந்தக் குடும்பங்கள் பட்டாவின்றி வாழும் மனைகளுக்குப் பட்டா கொடுங்கள். அவர்தம் பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலையாத நிலையை உண்டாக்குங்கள்.

தோழர்களே, அடுத்தமுறை கொடைக்கானலுக்குச் செல்லும்போது ஏரியோடு நின்றுவிடாதீர்கள். தாயகம் திரும்பியோர் குடியிருப்புகளுக்கு நடந்து செல்லுங்கள். குடும்ப அட்டையும், சேமலாப நிதிக் காகிதமும், மண்டபத்து முத்திரையும் அந்த வீடுகளின் தகரப் பெட்டிகளிலே இருக்கக்கூடும். அவற்றைப் படித்துப் படியெடுங்கள். உரியவர் கையொப்பத்தோடு ஆட்சியாளர் மேசைக்குக் கொண்டு சேருங்கள்.

ரூபாயின் மதிப்பு ஏறும், இறங்கும். அது சந்தையின் இயல்பு என்பார்கள். ஆனால் நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருள் உண்டு: ஒன்று காசு, மற்றொன்று நேர்மை. கொழுந்து பறித்தவன் இழந்தது முதலாவதை. இரண்டாவதை இழந்தவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இரு அரசுகள்! காசை இழந்தவனுக்கு ஈடு செய்யலாம். நேர்மையை இழந்தோர்க்கு மீட்சி ஒன்றே ஒன்றுதான்: கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிடுவது!