பாட்டாவுக்கு ஆள் வைக்கும் முன்

1/ வயசான அப்பா அம்மா ஊர்ல, நீங்க சென்னையிலோ துபாயிலோ இருக்கீங்களா? இது உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் தாண்டினா கீரிப்பாறை. அரசு ரப்பர் தோட்டமும் காடும் சூழ்ந்த மலையடிவாரம். பால்வெட்டித் தொழிலாளியா இருந்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டாவுக்குப் பக்கவாதம். மகன் வளைகுடாவில். ஏஜென்சி மூலமா வீட்டோட தங்கிப் பார்க்க ஓர் ஆள் வச்சிருந்தார்.

3/ அடைமழைக் காலத்துல லீவுல போன அந்த ஆள் திரும்பி வரல. "அவ்வளவு தூரத்துக்கு வேற ஆள் கிடைக்காது" என்று ஏஜென்சி கைவிரித்துவிட்டது. பாட்டா என்னிடம் வந்தபோது இடுப்புக்குக் கீழே எலும்பு தெரியும் அளவுக்குப் படுக்கைப்புண். "பைசாவுக்குக் குறையில்ல டாக்டரே. திருப்பிக் கிடத்தத்தான் ஆளில்ல" என்றார் பாட்டி.

4/ மகனுக்குப் பாசம் இல்லாம இல்ல. எல்லாப் பாரத்தையும் ஒரே ஆள் தலையில வச்சதுதான் தப்பு. 24 மணி நேரமும் ஒருத்தரே பார்க்கணும்னா, அவருக்குக் காய்ச்சல் வந்த அன்னிக்கே கவனிப்பு நின்னுடும். வீட்டு மருமகளுக்கும் இதே கதிதான்.

5/ ஆள் தேடும் முன் ஒரு தாளை எடுங்க. எத்தனை மணிக்கு என்ன தேவைன்னு எழுதுங்க. அசைய முடியாதவரை இரவு பகல் பாராமல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பணும். சுகர் மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா சர்க்கரை ஆபத்தா இறங்கலாம். அப்போ மாத்திரை கொடுப்பவருக்கு, அவர் சாப்பிட்டாரான்னு தெரியணும். குளிப்பாட்ட, பேச்சுத்துணைக்கு, ஆஸ்பத்திரிக்குப் போக... எல்லாத்துக்கும் ஒரே ஆள் தேவையில்ல.

6/ இதில் ஒரு பகுதியை அரசே வீடு தேடி வந்து செய்யுது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சுகர் மாத்திரைக்கு மட்டும்னு பலர் நினைக்கிறாங்க. இயன்முறை சிகிச்சையும், படுத்த படுக்கையா இருப்போருக்கான ஆதரவு சிகிச்சையும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பெயரைப் பதியுங்க. ரேஷன் பொருளை முதியோர் வீட்டுக்கே கொண்டு தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட் 12-ல் வந்தது. முதியோர் உதவி எண் 14567, கட்டணம் இல்லை.

7/ இரவு திருப்பிப் படுக்க வைக்கவும் உடம்பு துடைக்கவும் அரசு வராது. அதற்கு அக்கம்பக்கம்தான். பால்வெட்டு விடியும் முன்னே தொடங்கும் வேலை. மதியத்துக்கு மேல் ஓய்வா இருக்கும் அக்காமார் அங்கே உண்டு. செவிலியரிடம் தூக்குவது, திருப்புவது எப்படின்னு கத்துக்கச் சொல்லுங்க.

8/ ஆனா கூலி கொடுங்க. "சும்மா பாத்துக்கோங்க அக்கா"ன்னு சொல்லிட்டுப் பொங்கலுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுப்பது கூலி ஆகாது. மணிக்கணக்குல சம்பளம், வாரம் ஒருநாள் லீவு, அன்னிக்கு மாற்று ஆள். "அக்கம்பக்கத்தை நம்பலாமா?"ன்னு கேட்பீங்க. மூணு பேர் வந்து போகும் வீட்டில் எதையும் மறைப்பது கஷ்டம்.

9/ ஒரு நோட்டு வையுங்க. வருபவர் எல்லாரும் செய்ததை அதில் எழுதணும். போனில் "சாப்டாரா?" என்பதோடு நிறுத்தாதீங்க. "எத்தனை முறை திருப்பினீங்க? தோல் எங்கேயாவது சிவந்திருக்கா? மலம் போனாரா?"ன்னு கேளுங்க.

10/ எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளம் 2008-லேயே ஆதரவு சிகிச்சைக்குத் தனிக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சி வழியாகச் செவிலியர் வீட்டுக்கே போறாங்க, ஊர்த் தன்னார்வலர்கள் துணை நிக்கிறாங்க. நம்ம கிராம சபையில் ரோடு, தண்ணிக்கு அடுத்து இதையும் கேட்கணும்.

11/ மகன் லீவுல வந்து மூணு பேரை ஏற்பாடு செய்துட்டுப் போனார். புண் ஆற மாசக்கணக்காச்சு. போன மாசம் மூணு பேரில் ஒருத்தர் மகள் பிரசவத்துக்குப் போயிட்டார். பாட்டாவுக்கு ஒருநாள்கூடக் கவனிப்பு நிக்கல.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, கிளம்பும் முன் அந்தத் தாளை எழுதிட்டு வாங்க.