ஜாக்பாட் யார் வீட்டுப் பணம்?

லாஸ் வேகாஸில் நடக்கிற மாதிரி ஒரு ஹாலிவுட் படம் பார்த்தால் இந்தக் காட்சி கட்டாயம் இருக்கும். யாரோ ஒருவர் ஸ்லாட் மெஷினின் கைப்பிடியை இழுப்பார். மூன்று 7 வரிசையாக வந்து நிற்கும். மணி அடிக்கும், விளக்கு எரியும், காசு கொட்டும். நம்மில் பலருக்கு இந்த மெஷினைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

இதைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கட்சி. "எல்லாம் செட்டப், உள்ளே ஒருத்தன் உட்கார்ந்து பட்டனைத் தட்டுகிறான்" என்பது முதல் கட்சி. "ரொம்ப நாளாக ஜாக்பாட் விழாத மெஷினாகப் பார்த்து உட்கார்ந்தால் சீக்கிரம் விழும்" என்பது இரண்டாவது கட்சி. என்னைக் கேட்டால் இரண்டுமே தப்பு. குலுக்கல் நேர்மையாகத்தான் நடக்கிறது. ஏமாற்று வேலை எல்லாம் அதைக் காட்டுகிற விதத்தில் இருக்கிறது.

முதலில் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். பழைய காலத்து மெஷினில் நிஜமான மூன்று ரீல் சுற்றும். ஒரு ரீலில் 22 இடம் இருந்தால் மொத்தம் 22 x 22 x 22 = 10,648 விதமாக அது நிற்கலாம். அதில் ஒரே ஒரு விதத்துக்கு ஜாக்பாட். அப்படியென்றால் ஒரு டாலர் ஆட்டத்துக்கு 10,648 டாலருக்கு மேல் பரிசு வைத்தால் கேசினோ கடையை மூட வேண்டியதுதான். பெரிய பரிசு வேண்டுமானால் ரீலைப் பெரிதாக்க வேண்டும். ரீல் பெரிதானால் பார்க்கிறவன் "இதில் எங்கே விழப் போகிறது" என்று எழுந்து போய்விடுவான்.

இந்தச் சிக்கலுக்கு 1984ல் டெல்னேஸ் என்பவர் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வாங்கினார். கண்ணுக்குத் தெரிகிற ரீல் அப்படியே 22 இடத்தோடு இருக்கும். ஆனால் முடிவைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கிற சிப். அதில் ஒவ்வொரு ரீலுக்கும், உதாரணத்துக்கு, 64 எண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்பாட் சின்னத்துக்கு ஒரே ஒரு எண். ஒன்றும் இல்லாத வெற்று இடங்களுக்குப் பல எண்கள். இப்போது 64 x 64 x 64 = 2,62,144. கண் பார்ப்பது 10,648ல் ஒன்று. உண்மை 2,62,144ல் ஒன்று.

இதோடு நிற்கவில்லை. ஜாக்பாட் சின்னத்துக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் இருக்கிற வெற்று இடங்களுக்கு நிறைய எண்களைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? அந்த 7 அடிக்கடி கோட்டுக்கு ஒரு படி மேலே அல்லது கீழே வந்து நிற்கும். "அடச்சே, மயிரிழையில் போச்சே!" என்று அடுத்த டாலரைப் போடத் தோன்றும். உண்மையில் மயிரிழையும் கிடையாது, மண்ணும் கிடையாது. தோற்ற ஆட்டம் எல்லாம் ஒரே தோல்விதான்.

நெவாடா மாநிலத்தில் இந்த விவகாரம் பஞ்சாயத்துக்கே போயிருக்கிறது. யுனிவர்சல் என்ற கம்பெனியின் மெஷின்கள், ஆட்டம் தோல்வி என்று முடிவான பிறகு, அதை "கிட்டத்தட்ட ஜெயித்த" மாதிரி மாற்றிக் காட்டின. 1989ல் நெவாடா சூதாட்ட ஆணையம் இது கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனால் மேலே சொன்ன, எண்களைப் பகிர்ந்து கொடுக்கிற முறைக்குத் தடை இல்லை. விளைவு கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று எனக்குத் தோன்றுகிறது. சட்டம் வேறு, நியாயம் வேறு போலிருக்கிறது.

அடுத்து, "ரொம்ப நாளாக விழவில்லை, இப்போது விழும்" கட்சிக்கு. சிப்புக்கு ஞாபகம் கிடையாது. யாரும் ஆடாதபோதும் அது ஓயாமல் எண்களை உருட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் பட்டனை அழுத்துகிற அந்தக் கணத்து எண்தான் உங்கள் முடிவு. நேற்று ஜாக்பாட் விழுந்த மெஷினுக்கும் பத்து வருடமாக விழாத மெஷினுக்கும் அடுத்த ஆட்டத்தில் ஒரே வாய்ப்புதான்.

சரி, அந்தக் கோடிக்கணக்கான ஜாக்பாட் பணம் எங்கிருந்து வருகிறது? 1986ல் ஐ.ஜி.டி. என்ற கம்பெனி மெகாபக்ஸ் என்பதைக் கொண்டுவந்தது. நெவாடாவில் பல கேசினோக்களில் இருக்கிற மெஷின்களை ஒன்றாக இணைத்து, ஒவ்வொரு ஆட்டத்திலும் கட்டுகிற பணத்தில் ஒரு சிறு பங்கை ஒரே உண்டியலில் சேர்ப்பது. மேலே ஓடுகிற அந்தப் பெரிய எண், அந்த உண்டியலின் கணக்கு. கேசினோவின் தாராள மனசு இல்லை. தோற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து போட்ட சீட்டுப் பணம் மாதிரி. என்ன, நம் ஊர்ச் சீட்டில் கடைசி ஆளுக்காவது முறை வரும். இங்கே வராது :)

மார்ச் 2003ல் எக்ஸ்காலிபர் கேசினோவில் ஒரு இளைஞருக்கு இந்த மெகாபக்ஸில் 3.97 கோடி டாலர் விழுந்தது. ஆனால் இந்தப் பரிசு 25 வருடத் தவணையில் வருவது. காமர்ஸ் படிக்கிறவர்கள் கால்குலேட்டரை எடுங்கள். சமமான 25 தவணை, முதல் தவணை உடனே, வட்டி 5% என்று வைத்தால் இன்றைய மதிப்பு சுமார் 2.35 கோடி டாலர்தான். வருமான வரி அதற்கும் மேல். விளம்பரப் பலகையில் இருப்பது முகமதிப்பு, கைக்கு வருவது வேறு.

அந்த ஜாக்பாட்டுக்கான வாய்ப்பு சுமார் 5 கோடியில் ஒன்று என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஒரு மணிக்கு 600 ஆட்டம், தினமும் 8 மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை லீவு கூட இல்லாமல் ஆடினால் 5 கோடி ஆட்டம் முடிய 28 வருடத்துக்கு மேல் ஆகும். ஆட்டத்துக்கு 3 டாலர் என்றால் 15 கோடி டாலர் கட்டியிருப்பீர்கள். அப்போதும் ஒரு தடவையாவது விழுந்திருக்க வாய்ப்பு 63%தான்!

"ஆனால் 90% பணம் திரும்ப வருகிறதே?" என்று ஒரு கேள்வி வரும். அந்த 90% ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உரியது, கையில் கொண்டுபோன பணத்துக்கு அல்ல. ஒரு டாலர் வீதம் மணிக்கு 600 ஆட்டம் என்றால் 600 டாலர் கட்டியதாகக் கணக்கு. அதில் 10%, அதாவது சராசரியாக 60 டாலர், ஒரு மணி நேரத்தில் காலி. 100 டாலரோடு போனவர் 90 டாலரோடு திரும்புவேன் என்று நினைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பஸ்ஸுக்குக் காசு இருக்காது.

இதனால்தான் இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை என்கிறேன். நடாஷா டோ ஷூல் என்ற மானுடவியல் ஆய்வாளர் லாஸ் வேகாஸ் மெஷின் சூதாட்டத்தைப் பற்றி 2012ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் வருகிற பலர் ஜெயிப்பதற்காக ஆடவே இல்லை; உலகத்தை மறந்து மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கவே ஆடுகிறார்கள். அவர்களுக்கு ஜாக்பாட் என்பது உள்ளே வருவதற்கான வாசல் மட்டும்.

"வளர்ந்தவர்கள், அவர்கள் பணம், அவர்கள் இஷ்டம்" என்று வாதம் செய்யலாம். ஒப்புக்கொள்கிறேன். தடை போடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இஷ்டப்பட்டு வாங்குவதற்கு விலை தெரிய வேண்டாமா? பவர்பால் லாட்டரி தன் ஜாக்பாட் வாய்ப்பு 29,22,01,338ல் ஒன்று என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதே நெவாடாவில் வீடியோ போக்கர் மெஷினில் சீட்டுக்கட்டு காட்டினால், நிஜ 52 சீட்டில் என்ன வாய்ப்போ அதுவே இருக்க வேண்டும் என்பது விதி. பரிசுப் பட்டியலை வைத்து யார் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம். ரீல் சுற்றுகிற மெஷினுக்கு மட்டும் அந்த விதி இல்லை. குறைந்தது 75% திரும்பத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஜாக்பாட் எத்தனையில் ஒன்று என்று மெஷின் மேல் எழுதச் சொல்லும் சட்டம் இல்லை.

மேலே ஜாக்பாட் தொகை எந்த அளவு எழுத்தில் ஓடுகிறதோ, அதே அளவு எழுத்தில் பக்கத்திலேயே "5 கோடியில் ஒன்று" என்றும் ஓட வேண்டும். என் கோரிக்கை அவ்வளவுதான். கேசினோக்காரர்கள் இதை எவ்வளவு எதிர்க்கிறார்களோ, அவ்வளவுக்கு அந்த எண்ணுக்கு மதிப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வாருங்கள். பந்தயம் மட்டும் கட்டாதீர்கள் :)