சாவியைக் கொடுப்பதற்கு முன்

மார்கழிச் சனிக்கிழமை விடியற்காலையில் திருநள்ளாறு நளதீர்த்தத்தின் பக்கம் நிறுத்தியிருக்கும் வண்டிகளைக் கவனியுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுக்குப் போட்டவர்கள் ஈரத்தலையும் ஈரத்துணிப் பையுமாக ஏறுகிறார்கள். ஏழு பேர் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் முன்கண்ணாடி வெள்ளைத்துணி போட்டு மூடியதுபோல் ஆகிவிடுகிறது. டிரைவர் கைத்துண்டால் துடைக்கிறார். துடைத்த இடம் மறுபடி மூடிக்கொள்கிறது. பிறகு பக்கக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிப் பார்த்தபடியே நடந்துபோகும் கூட்டத்துக்குள் வண்டியை நகர்த்துகிறார். ஓரிரு நிமிடத்தில் அந்தக் கண்ணாடியைத் தெளியவைக்கும் பொத்தான் அவர் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. புது வண்டியாக எடுத்த அன்றும் சரி, சர்வீஸ் விட்டு எடுத்த அன்றும் சரி, யாரும் அதைத் தொட்டுக் காட்டவில்லை.

பட்டறை நடத்துகிறவர்கள், ஷோரூமில் வண்டியை ஒப்படைக்கிறவர்கள், ஏசி மெக்கானிக்குகள், டிரைவிங் ஸ்கூல் ஆசிரியர்கள் எல்லோருக்கும் இந்த மாதம் ஒரே ஒரு வேண்டுகோள். சீட், காற்று, வெளிச்சம், மீட்டர் திரை ஆகியவற்றை ஓட்டப்போகிறவருக்கும் அவர் ஓட்டும் ஊருக்கும் பொருந்த வைத்துக் கொடுங்கள். பில்லில் வராத வேலை என்று இதைத் தள்ளிவைத்திருக்கிறோம். பிரேக் பேட் மாற்றுவது எவ்வளவு நம் வேலையோ அவ்வளவு இதுவும் நம் வேலை.

நம் ஊர்க் காற்றிலிருந்தே தொடங்கலாம். காரைக்காலில் வடகிழக்குப் பருவமழைக் காலத்து இரவுகளில் காற்றில் நிற்கும் ஈரம் அவ்வளவு அதிகம். 22 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அது நீராகப் படிந்துவிடும். அதனால் இங்கே கண்ணாடி இரண்டு விதமாக மூடும். ஒன்று உள்பக்கம். மூச்சும் ஈரத்துணியும் விடும் நீராவி, மழையில் குளிர்ந்த கண்ணாடியில் உள்ளே படிகிறது. இதற்கு ஏசி ஓட வேண்டும், காற்று முன்கண்ணாடிக்குப் போக வேண்டும், வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். குளிர் தேவையில்லை, சூட்டைச் சற்றுக் கூட்டி வைத்தாலும் ஏசி ஓடிக்கொண்டிருந்தால் போதும். இவாப்பரேட்டரைத் தாண்டி வரும் காற்று ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டு உலர்ந்து வருவதுதான் வேலை செய்கிறது. மழைநாளில் ‘குளிருகிறது’ என்று ஏசியை அணைப்பவர், கண்ணாடியைச் சீக்கிரம் தெளியவைக்கும் வழியை அடைத்துக்கொள்கிறார்.

இன்னொன்று வெளிப்பக்கம். 18 டிகிரியில் வைத்து, காற்றையும் கண்ணாடிப் பக்கமே திருப்பிவிட்டு இரவில் கடற்கரைச் சாலையில் வந்தால், குளிர்ந்துபோன கண்ணாடியின் வெளியே பனி படியும். டிரைவர் உள்ளே துடைத்துத் துடைத்துப் பார்ப்பார், போகாது. பயத்தில் புளோயரை இன்னும் கூட்டுவார், கண்ணாடி இன்னும் குளிரும், இன்னும் மூடும். இதற்கு மருந்து நேர்மாறானது: வைப்பரை ஒரு முறை போட வேண்டும், காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்கோ காலுக்கோ திருப்ப வேண்டும், சூட்டை 25-க்கு ஏற்ற வேண்டும். எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள உள்ளிருந்து விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தால் போதும். கோடு விழுந்தால் உள்ளே, விழாவிட்டால் வெளியே. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்கள் எட்டுப் போடக் கற்றுத்தரும் அதே வாரத்தில் இந்தக் கோட்டையும் போடக் கற்றுத்தரலாம்.

அடுத்தது, உள்ளே இருக்கும் காற்றையே சுழலவிடும் உள்காற்றுப் பொத்தான். வெயிலில் நின்ற வண்டியைக் குளிரவைக்க அது நல்லது. முதலில் கண்ணாடிகளை இறக்கிக் கொஞ்ச தூரம் ஓட்டி, வெந்துபோன காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு மூடிப் போட்டால் சீக்கிரம் குளிரும். ஆனால் சென்னையில் இரவு பத்து மணிக்கு அழுத்திய பொத்தானைக் காரைக்கால் வரும்வரை எடுக்காமலே வருகிறவர்கள் நிறைய. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. ஏழு பேர் மூச்சுவிடும் மூடிய வண்டியில் அது சில ஆயிரங்களாக ஏறக் கொஞ்ச நேரமே பிடிக்கும். கொட்டாவி, தலைபாரம், கண்ணசரல் எல்லாவற்றையும் தூக்கமின்மையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அதில் ஒரு பங்கு இந்தப் பொத்தானுடையது. அரைமணிக்கு ஒரு முறையாவது வெளிக்காற்றை விடச் சொல்லுங்கள்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது இன்னும் கடுமையானது. சனிப்பெயர்ச்சி என்றால், 2020 டிசம்பர் 27 ஆனாலும் 2023 டிசம்பர் 20 ஆனாலும், பயணிகளை இறக்கிவிட்ட டிரைவர்கள் வண்டியிலேயே படுத்துக்கொள்கிறார்கள். கொசுவும் புழுக்கமும் தாங்காமல் என்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்குகிறார்கள். புகைக்குழாயில் சின்ன ஓட்டை இருந்தாலும், சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தாலும், பக்கத்து வண்டியும் ஓடிக்கொண்டிருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை, தூங்குகிறவரை எழுப்பாது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து கசிந்த இதே வாயுதான் காரணம் என்று தெரியவந்தது. சுற்றுலா வண்டி எது பட்டறைக்கு வந்தாலும் சைலன்சர் இணைப்புகளையும் கதவு ரப்பரையும் பாருங்கள். டிரைவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: “அண்ணே, தூங்கும்போது என்ஜின் ஓடக் கூடாது. கண்ணாடியை இறக்கி, கொசுவலைத் துணியைச் செருகிப் படுங்க.”

இனி டாஷ்போர்டுக்கு வருவோம். நம் பகுதி வண்டிகளின் டாஷ்போர்டில் சனீஸ்வரர் இருப்பார், நாகூர் தர்காவின் படம் இருக்கும், வேளாங்கண்ணி மாதா நிற்பார். சில வண்டிகளில் மூன்றும் ஒன்றாகவே இருக்கும். அந்த நம்பிக்கையில் கைவைக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் அவை எங்கே நிற்கின்றன என்று பார்க்கும் கடமை உண்டு. முன்கண்ணாடியின் அடிப்பக்கம், டாஷ்போர்டின் மேல் கறுப்புக் குமிழ் ஒன்று இருக்கும், சட்டைப் பொத்தான் அளவில். பல வண்டிகளில் வெயிலின் கடுமையையும் வெளிச்சத்தின் அளவையும் அளப்பது அதுதான். அதன் மேல் வெல்வெட் விரிப்பையோ பீடத்தையோ வைத்துவிட்டால் நண்பகலிலும் வண்டி இருட்டு என்றே நினைத்துக்கொள்ளும். ஹெட்லைட் தானாக எரியும், மீட்டர் திரை இரவு வெளிச்சத்துக்கு மங்கும், ஆட்டோ ஏசி வெயில் இல்லை என்று சோம்பிவிடும். ‘பகலில் மீட்டர் தெரியவில்லை’ என்று வரும் வண்டிக்கு முழு மீட்டரையும் மாற்ற விலை சொல்வதற்கு முன் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டியரிங் அருகில் சின்னச் சல்லடைபோல் இருப்பது உள்வெப்பத்தை அளக்கும் சென்சார். போன் ஸ்டாண்டை ஒட்டுவதற்கு வாகாகத் தெரியும் இடமும் அதுதான். முன்பயணி ஏர்பேக் மூடியின் மேல் கனமான சிலை ஒட்டியிருந்தால், விபத்தில் அது எங்கே பாயும் என்று மரியாதையோடு எடுத்துச் சொல்லி, வேறு இடம் காட்டிக் கொடுங்கள். சொன்னால் கேட்கிறார்கள்.

மீட்டர் திரையின் வெளிச்சம் பற்றி நம் துறையில் யாரும் அதிகம் பேசுவதில்லை. பழைய வண்டிகளில் விளக்கைப் போட்டால்தான் மீட்டர் தெரியும். மீட்டர் இருண்டிருப்பதே விளக்கு போடச் சொல்லும் நினைவூட்டல். இப்போதைய திரைகள் சாவி திருப்பியதுமே பளிச்சென்று எரிகின்றன. முன்னால் பகல்நேர விளக்கும் எரிகிறது. அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஹெட்லைட் போட்டாயிற்று என்றே நினைத்து, அந்தி மயங்கிய பின் தரங்கம்பாடியிலிருந்து பூவம் வரை பின்விளக்கே இல்லாமல் வருகிறார்கள். பின்னால் வரும் லாரிக்கு அப்படி ஒரு கார் இருப்பதே தெரியாது. கனடா அரசு இந்த ஆபத்தை எடுத்துக்கொண்டு, 2021 செப்டம்பர் முதல் தயாராகும் வண்டிகளில் பகல்விளக்கோடு பின்விளக்கும் எரிய வேண்டும், அல்லது இருட்டியதும் எல்லா விளக்கும் தானே எரிய வேண்டும், அல்லது மீட்டர் இருட்டாகவே இருக்க வேண்டும் என்று விதி செய்தது. நம்மிடம் வரும் வண்டிகளில் ‘ஆட்டோ’ நிலை இருந்தால் அதில் வைத்துக் கொடுப்போம். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பகல் மழையிலும் தை மாதக் காலைப் பனியிலும் வெளிச்சம் போதுமான அளவு இருப்பதாகவே சென்சார் கணக்கிடும். அப்போது கையால் போட வேண்டும். திரையின் இரவு வெளிச்சத்தை, கண் உறுத்தாமல் எண்கள் படிக்கத் தெரியும் அளவுக்குக் குறைத்து வையுங்கள். பளபளக்கும் திரையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வயல்வெளிச் சாலையின் இருட்டில் மாடு தெரியாது.

தொடுதிரையின் பிரச்சினை வேறு வகை. 2022-இல் சுவீடனின் ‘வி பீலேகாரே’ என்ற கார் இதழ் ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் சூட்டை மாற்றுவது, ரேடியோ நிலையம் தேடுவது, பயண மீட்டரைப் பூஜ்யமாக்குவது, மீட்டர் வெளிச்சத்தைக் குறைப்பது போன்ற வேலைகள். பொத்தான்கள் நிறைந்த 2005-ஆம் ஆண்டு வால்வோவில் எல்லாம் முடிய 10 விநாடி, 306 மீட்டர். சோதனையில் கடைசியாக வந்த புதுத் தொடுதிரை வண்டியில் 44.9 விநாடி, 1,372 மீட்டர். ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் தொட்டு உணரும் தனிப் பொத்தான் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டது. வண்டியின் வடிவமைப்பை நாம் மாற்ற முடியாது. ஆனால் ஓட்டும்போது திரையைத் தேட வேண்டிய தேவையைக் குறைத்துக் கொடுக்கலாம். சூடு, காற்றின் திசை, திரை வெளிச்சம், போன் இணைப்பு அனைத்தையும் நிறுத்திய வண்டியிலேயே சரிசெய்து, அடிக்கடி தேவைப்படுவதை ஸ்டியரிங் பொத்தானுக்கோ முதல் பக்கத்துக்கோ கொண்டுவந்து வையுங்கள். 60 கி.மீ. வேகத்தில் இரண்டு விநாடி திரையைப் பார்ப்பது 33 மீட்டர் கண்ணை மூடி ஓட்டுவதற்குச் சமம். காரைக்கால் பாரதியார் வீதியில் 33 மீட்டருக்குள் எத்தனை சைக்கிள் குறுக்கே வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

எச்சரிக்கை ஒலிகளை அடக்கித் தரச் சொல்லி வருகிறவர்களுக்கு இணங்காதீர்கள். 2019 ஜூலை 1 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் சீட் பெல்ட் நினைவூட்டலும் வேக எச்சரிக்கையும் கட்டாயம். 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டு ஒலிக்கும், 120-ஐத் தாண்டினால் தொடர்ந்து ஒலிக்கும். சீட் பெல்ட் கொக்கியில் செருகி ஒலியை ஏமாற்றும் தகடுகளைக் கடையில் தொங்கவிட்டு விற்கிற நண்பர்கள் அதை இன்றே கழற்றிவிட வேண்டும். அந்த நாற்பது ஐம்பது ரூபாய் லாபம் நமக்கு வேண்டாம்.

பட்டறைக்குள் நாமே கலைத்துவிட்டு அப்படியே அனுப்புபவையும் உண்டு. பேட்டரி மாற்றினால் கடிகாரம் அழியும். பல வண்டிகளில் ஒரே அழுத்தில் ஏறும் கண்ணாடிக்கு மறுபடி பழக்கிக் கொடுக்க வேண்டும். குழந்தையின் கை சிக்கினால் நின்று இறங்கும் பாதுகாப்பும் அதுவரை வேலை செய்யாமல் இருக்கலாம். டயர் அழுத்த எச்சரிக்கையில் இதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று. சக்கரத்தின் சுழற்சியை வைத்து அழுத்தத்தைக் கணக்கிடும் வண்டிகளில், டயரில் குறைவாகக் காற்று இருக்கும்போதே ரீசெட் கொடுத்துவிட்டால் அந்தக் குறைந்த அழுத்தத்தையே சரியென்று வண்டி கற்றுக்கொள்ளும். அதன் பிறகு எச்சரிக்கை வரவேண்டிய நேரத்தில் வராது. குளிர்ந்த டயரில், கதவுத் தூணில் ஒட்டிய அட்டவணைப்படி நான்குக்கும் காற்று வைத்து, அதற்குப் பிறகுதான் ரீசெட்.

சீட்டைப் பற்றிச் சுருக்கமாக: டிரைவரின் மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி, தலைதாங்கியின் மேல்விளிம்பு உச்சந்தலை உயரம். காற்றோட்ட சீட் உள்ள வண்டிக்கு ரெக்சின் உறை விற்காதீர்கள், துளைகள் அடைந்துவிடும். பக்க ஏர்பேக் உள்ள சீட்டுக்கு அதற்கென்று தையல் விட்ட உறைதான். வெயில் தாங்கவில்லை என்று கறுப்பு ஸ்டிக்கர் கேட்டால், 2012 ஏப்ரல் 27-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடைசெய்ததை நினைவூட்டுங்கள். முன்பின் கண்ணாடிகள் 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதம் ஒளியை விட வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி.

கடைசியாக, வாஞ்சூர் துறைமுகத்துக்கு வந்துபோகும் லாரிகள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். வாழ்நாள் முழுவதும் கண்ணாடியை இறக்கிவிட்டு, நிலக்கரித் தூசியையும் வெயிலையும் வாங்கிக்கொண்டு ஓட்டியவர்கள் இனி ஏசி கேபினில் உட்காரப் போகிறார்கள். அவர்களுக்கு இவையெல்லாம் புதிது. பல்க் சரக்கு ஏற்றும் இடத்தில் உள்காற்று, சாலையில் வெளிக்காற்று, தூங்கும்போது என்ஜின் நிறுத்தம் ஆகிய மூன்றையும் முதல் நாளே செய்து காட்ட வேண்டும். கேபின் ஃபில்டரை நிறுவனம் சொன்ன கிலோமீட்டர் வரை காத்திராமல் மாதம் ஒரு முறை கழற்றிப் பார்க்க வேண்டும். கடல் உப்பு படியும் கண்டன்சரை அழுத்தம் குறைந்த நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அடுத்த இதழில் லாரி கேபின் ஏசிக்கு என்றே தனிப் பக்கம் ஒதுக்குகிறோம். துறைமுக வண்டிகளில் நீங்கள் பார்க்கும் கோளாறுகளை, வண்டியின் வயதையும் ஃபில்டரின் நிலையையும் குறிப்பிட்டு எழுதி அனுப்புங்கள்.