ரிப்போர்ட் எல்லாம் நார்மல்... அப்புறம் ஏன் வயிறு வலிக்குது?

ஸ்கேன் நார்மல். எண்டோஸ்கோபி நார்மல். "உங்களுக்கு ஒண்ணுமில்ல, டென்ஷன்தான்" என்று டாக்டர் அனுப்பிவிடுகிறார். காலையில் ஆபீஸ் கிளம்புவதற்குள் மூன்று முறை பாத்ரூம் போகிறவருக்கு அந்த 'ஒண்ணுமில்ல' எந்த விதத்திலும் உதவாது. அடுத்த டாக்டர், அடுத்த ஸ்கேன் என்று பணம்தான் கரையும்.

இதற்கு ஒரு பெயர் உண்டு. ஐபிஎஸ், அதாவது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம். குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது. குடலும் மூளையும் நரம்புகள் வழியே பேசிக்கொள்வதில்தான் கோளாறு. அதனால் சாதாரண வாயுகூட வலியாகத் தெரியும். ஸ்கேன் காட்டுவது குடலின் வடிவத்தை; அது வேலை செய்யும் விதத்தை அல்ல. வலி கற்பனை இல்லீங்க.

எல்லா டெஸ்ட்டும் எடுத்த பிறகுதான் ஐபிஎஸ் என்று சொல்ல முடியும் என்பதும் தவறு. 2016-ல் வந்த 'ரோம் 4' வரையறை அறிகுறிகளை வைத்தே முடிவு செய்கிறது: கடைசி 3 மாதங்களில் வாரம் ஒரு நாளாவது வயிற்றுவலி, கூடவே மலம் கழிப்பதில் மாற்றம், பிரச்சினை தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். சில எளிய பரிசோதனைகளோடு இதை டாக்டர் தைரியமாகச் சொல்லலாம். சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு, குடும்பத்தில் குடல் புற்றுநோய் - இதில் ஏதாவது இருந்தால் முழுப் பரிசோதனை கட்டாயம்.

சாப்பாட்டில் எல்லோரும் காரத்தைத்தான் திட்டுவார்கள். பலருக்கு உண்மையான வில்லன் சாம்பாரில் கிடக்கும் வெங்காயமும் பூண்டும்தான்! கோதுமை, பால், பருப்பு வகைகளும் இந்தப் பட்டியலில் வரும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'லோ ஃபாட்மேப்' உணவுமுறை இவற்றைச் சில வாரங்கள் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. ஆயுசுக்கும் பத்தியம் கிடையாது. அரிசிச் சோறு பிரச்சினை இல்லை. பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டால், வாசனை மட்டும் மிஞ்சும். தொல்லை தரும் சர்க்கரை எண்ணெயில் கரையாது. மலச்சிக்கலுக்குக் கோதுமைத் தவிட்டைவிட இசப்கோல் நல்லது.

இன்னொன்று. டாக்டர் அமிட்ரிப்டிலின் எழுதினால், கூகுளில் தேடி 'மனச்சோர்வு மாத்திரையா?' என்று பயந்து நிறுத்துபவர்கள் உண்டு. இதற்குத் தருவது மிகக் குறைந்த அளவு. குடல் நரம்புகளின் வலியுணர்வைத் தணிக்கத்தான். சந்தேகம் இருந்தால், மாத்திரையை நிறுத்துவதற்கு முன் எழுதிக்கொடுத்தவரிடமே கேட்டுவிடுங்கள்.