இல்லமும் கருவியும்: பழைய டெக்கும் புதிய தொலைக்காட்சியும்

சென்ற தீபாவளிக்கு முன், பாணேரில் நம் இல்லத்தைத் துப்புரவு செய்கையில், பரணிலிருந்து ஒரு வீடியோ டெக்கும் நான்கு காசெட்டுகளும் இறங்கின. அவற்றுள் ஒன்று 1988இல் கும்பகோணத்தில் நிகழ்ந்த நம் வீட்டுத் திருமணத்தின் பதிவு. அதில் நலங்கின்போது பாட்டியார் பாடியது இருக்கிறது. அவர் மறைந்து ஆண்டுகள் பலவாயின. அவர்தம் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை.

டெக்கின் பின்புறத்தில் மஞ்சளும் வெள்ளையும் சிவப்புமாய் வட்டத் துளைகள். புதிய தொலைக்காட்சியிலோ தட்டையான எச்.டி.எம்.ஐ. வாய்கள் மட்டுமே. மஞ்சள் படத்திற்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. நம்மவர் வீட்டு டெக்குகள் பலவற்றில் சிவப்பு இராது. வெள்ளை ஒன்றே போதும். டெக்கில் 'அவுட்' என்றிருக்கும் துளையிலிருந்தே கம்பி புறப்பட வேண்டும். 'இன்' துளையில் செருகிவிட்டு டெக் பழுதென்று எண்ணுவோர் பலர். தொலைக்காட்சியில் மூவண்ணத் துளைகள் இருப்பின் வேலை அத்துடன் முடிந்தது.

இல்லையேல் இடையே ஒரு மாற்றுப் பெட்டி வேண்டும். தீப்பெட்டியினும் சற்றே பெரியது. அதற்குத் தனியே மின்சாரமும் தேவை. ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ. ஆக்குவதும், அதற்கு நேர்மாறானதும் தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். நாம் முதலில் வாங்கி வந்தது நேர்மாறானது! மேலே எழுதியிருப்பதைப் படித்து வாங்குக.

அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய காசெட்டாயின் படம் உருண்டோடக்கூடும். அங்கே 525 வரிகளும் நொடிக்கு ஏறத்தாழ 30 படங்களும் கொண்ட என்.டி.எஸ்.சி. முறை, நமது பால் முறைக்கு 625 வரிகள், 25 படங்கள். இரண்டையும் ஏற்கும் டெக்கே அதற்கு உதவும்.

இணைத்தவுடன் அருமையான காசெட்டை உள்ளே தள்ளிவிடலாகாது. நெடுநாள் உறங்கிய டெக் நாடாவை மென்றுவிடும். இழந்தாலும் வருந்தாத ஒன்றை முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். காசெட்டின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டையும் ஒடித்துவிடுக. கைதவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழையது அழியாது. நாடாவில் வெண்பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. புனேயின் நான்கு மாத மழை அதற்கு விருந்து. நொடிக்கு 25 முறை சுழலும் ஹெட்டில் அது ஒட்டிக்கொண்டு அடுத்த காசெட்டையும் பற்றும். 1964இல் இந்நகரில் நிறுவப்பெற்ற தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் படச்சுருள்களைக் குளிரூட்டிய அறைகளில் பேணுகிறது; நம் பரணுக்கு அவ்வசதி ஏது?

காலமும் குறைவு. ஜப்பானின் ஜே.வி.சி. 1976இல் வெளியிட்ட வி.எச்.எஸ். முறைக்கு, இறுதிவரை டெக் செய்துவந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. இனிப் பழுது பார்த்த பழையவையே கிடைக்கும். எனவே கண்டு களிப்பதோடு நில்லாமல், டெக்கின் 'அவுட்' கம்பியை யு.எஸ்.பி. பதிவுக் கருவி வழியாகக் கணினியில் சேர்த்துப் படியெடுத்தல் நன்று. மூன்று மணி நேரக் காசெட்டுக்கு மூன்று மணி நேரமே ஆகும், விரைவுபடுத்த வழியில்லை. எடுத்த படியை ஈரிடங்களில் வைக்கவும்.

திருமணக் காசெட்டைப் படியெடுத்துவிட்டோம். பாட்டியாரின் பாட்டில் இரண்டாம் அடியை யாரோ ஒரு குழந்தையின் அழுகை விழுங்கிவிட்டது. அக்குழந்தை யாரென்று வீட்டில் இன்னும் வழக்கு நடக்கிறது. நான்காம் காசெட்டின் ஓரத்தில் வெண்பொடி தெரிவதால், அதனை மட்டும் உள்ளே இடாமல் வைத்திருக்கிறோம்.