விறகுக்கட்டு, குக்கர், கொஞ்சம் புலி

சகோதரிகளே, சென்ற இதழில் எழுதிய மோர்க்குழம்புக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பதிலை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். இந்தத் தடவை என் சின்னவன் கிளப்பிவிட்ட பேச்சைச் சொல்லியே ஆக வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் ஏதோ கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "எம்மா, நீ பொறந்த ஊரு புலிக்காட்டு ஓரமாமே? நீ புலியப் பாத்திருக்கியா?" என்றான்.

"புலியப் பாத்ததில்லப்பா. அது வீட்ட வெட்டி அடுப்புல வச்சிருக்கேன்" என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

எனக்குப் பிறந்த ஊர் திருநெல்வேலிச் சீமையில், மலையடிவாரம். பின்வாசலில் நின்றால் பொதிகை மலைத் தொடர் நீலமாய்த் தெரியும். 1962-ல் முண்டந்துறைக் காட்டைப் புலிகளுக்கென்றும், 1976-ல் களக்காட்டுக் காட்டைச் சிங்கவால் குரங்குக்கென்றும் சரணாலயமாக்கினார்கள். 1988-ல் இரண்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அறிவிப்பெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும்? அம்மாவும் பெரியம்மையும் விடியுமுன்னே தூக்குவாளியில் பழைய சோற்றை எடுத்துக்கொண்டு விறகுக்குப் போவார்கள். லீவு நாளில் நானும் கூடப் போவேன்.

காய்ந்த சுள்ளி எத்தனை நாளைக்கு வரும்? அது தீர்ந்தால் பச்சை மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு வருவார்கள். காய்ந்ததும் அடுத்த வாரம் போய் எடுக்க வேண்டியது. வருஷத்துக்கு வருஷம் விறகு இன்னும் கொஞ்சம் மேலே போய்விடும். கட்டைத் தூக்கிச் சும்மாட்டில் வைத்தால் கழுத்து நெஞ்சுக்குள் இறங்குகிற மாதிரி இருக்கும். பாதி வீட்டுக்கு, பாதி டீக்கடைக்கு. அதை விற்ற காசில்தான் அரிசி, எண்ணெய். ஒரு மழைநாளில் சரிவில் கட்டோடு விழுந்த பெரியம்மை கடைசிவரைக்கும் காலை இழுத்துத்தான் நடந்தாள்.

அந்த விறகு வீட்டுக்கு வந்து என்ன செய்தது? ஜன்னல் இல்லாத அடுக்களை. ஈரவிறகு புகைய, ஊதுகுழலை வைத்து ஊதி ஊதி அம்மாவுக்குக் கண்ணெல்லாம் ரத்தச் சிவப்பு. கார்த்திகை பிறந்தால் இருமல் தொடங்கிவிடும். விறகுப் புகை வருஷக்கணக்கில் நெஞ்சுக்குள் போனால் நுரையீரலைத் தின்றுவிடும் என்றும், இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு சமைத்தால் அந்தப் பிஞ்சுக்கும் சளிக் காய்ச்சல் கட்டும் என்றும் பிற்பாடு ஒரு டாக்டரம்மா சொல்லித்தான் எனக்கே விளங்கியது. பீடி சுருட்டைத் தொடாத அம்மாவுக்கு, சுருட்டுக் குடித்த தாத்தாவுக்கு வந்த அதே இழுப்பு.

1990-களின் நடுவில் உலக வங்கி உதவியோடு காப்பகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு திட்டம் வந்தது. காட்டுக்குப் போகாதே என்று விரட்டுவதை மட்டும் செய்யாமல், ஏன் போகிறாய் என்று கேட்டார்கள். கிராம வனக் குழு என்று வைத்து, பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, மாடு வாங்க, பெட்டிக்கடை வைக்க என்று கடன் கொடுத்தார்கள். சில வீடுகளுக்குச் சாண எரிவாயு, சில வீடுகளுக்குக் கேஸ் அடுப்பு, பிரஷர் குக்கர். எங்கள் அம்மா ஒரு பசு வாங்கினாள். குக்கரும் வந்தது. முதல் விசிலுக்கு ஆச்சி திண்ணையிலிருந்து குதித்து இறங்கிவிட்டாள்! "வெடிக்கிற பானையில ஆக்குன சோத்தத் தின்ன மாட்டேன்" என்று ஒரு வாரம் நீராகாரம்தான். அப்புறம் பருப்பு வெந்த பதத்தைப் பார்த்து வழிக்கு வந்தாள்.

விறகுக்குப் போகிற கூட்டம் வெகுவாகக் குறைந்தது. மொட்டையாய்க் கிடந்த அடிவாரம் மறுபடி பச்சை பிடித்தது. ஊர்க்கோடி ஓடை மணலில் மிளாவின் குளம்படியை நானே பார்த்திருக்கிறேன். மிளாவும் பன்றியும் இருந்தால்தானே புலிக்குச் சாப்பாடு? அவை மேய, ஒதுங்கப் புதர் வேண்டாமா? நாங்கள் தலையில் சுமந்து வந்தது அதைத்தான்.

கல்யாணமாகி வந்தபின் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போகும்போதுதான் அந்தக் காட்டை நிமிர்ந்து பார்த்தேன். அதற்கு முன் குனிந்துதானே பார்த்தது! கீழே முள்ளுக்காடு, ஏற ஏற இலையுதிர்காடு, உச்சியில் எப்போதும் இருட்டிக் கிடக்கும் மழைக்காடு. அங்கேதான் சிங்கவால் குரங்கு. பிடரி போல முகத்தைச் சுற்றி நரைமயிர், வால் நுனியில் குஞ்சம். மரத்துக்கு மரம் கிளைவழியே போகும். தரைக்கு அபூர்வமாகத்தான் இறங்கும். நடுவில் மரங்களை வெட்டினால் அதற்குப் பாதை அறுந்தது.

இருவாட்சிப் பறவையின் சங்கதி இன்னும் வேடிக்கை. முட்டையிட மரப்பொந்துக்குள் போகும் பெண் பறவை, எச்சத்தாலும் மண்ணாலும் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். மூக்கு நுழைகிற இடுக்கு மட்டும்தான் மிச்சம். வாரக்கணக்காக ஆண் பறவைதான் பழம் பொறுக்கிக் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

அந்த மழைக்காட்டில் பெய்கிற தண்ணீர் உடனே ஓடிவிடுவதில்லை. மக்கின இலையும் வேரும் பஞ்சு போலக் குடித்து வைத்துக்கொண்டு, கோடையிலும் சொட்டுச் சொட்டாய் விடும். சேர்வலாறு, மணிமுத்தாறு, பச்சையாறு எல்லாம் அங்கே பிறந்து தாமிரபரணியில் சேர்கின்றன. பாளையங்கோட்டையில் என் வீட்டுக் குழாயில் வருவது அந்தத் தண்ணீர்தான். அம்மா மலையிலிருந்து விறகு இறக்கினாள். எனக்குத் தண்ணீர் தானாக இறங்கி வருகிறது.

அந்த ஆற்றில்தான், பாபநாசத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியைத் தண்ணீரோடு விடுகிற பழக்கம். தோஷம் போகுமாம். மூட்டை மூட்டையாய் அள்ளிக் கரையேற்றுகிறார்கள். ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள், புண்ணியமாய்ப் போகட்டும், துணியை வீட்டுக்கே கொண்டுவந்து துவைத்து ஏழைக்குக் கொடுங்களேன்! கட்டுச்சோற்றை டிபன் காரியரில் எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். குரங்குக்குத் தின்பண்டம் போடாதீர்கள். அது பிடுங்கித் தின்னப் பழகிவிடும்.

போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். பின்கட்டில் விறகு அடுக்கியிருந்தது. எனக்குத் திக்கென்றது.

"காட்டு வெறகு இல்லட்டீ. நம்ம வயக்காட்டு முள்ளுதான். வெந்நி வைக்கத்தான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "சிலிண்டர் வெலை என்னன்னு தெரியும்லா?" என்றாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிற மைனி மறுபடி அரிவாளைத் தீட்டியாகிவிட்டதாம். அவள் மருமகளுக்கு ஆறுமாதக் கைக்குழந்தை.

மைனி வீட்டுக்குப் போய் ஒருமணி நேரம் பேசிவிட்டு வந்தேன். பருப்பையும் பயற்றையும் இரவே ஊறவைக்கிறது, சோறும் பருப்பும் ஒரே குக்கரில் அடுக்கி வைக்கிறது, விசில் வந்ததும் தீயைக் குறைக்கிறது எல்லாம் சொன்னேன். ஒரு சிலிண்டர் இன்னும் பத்து நாள் கூட வரும். "சரி தாயி, பாப்போம்" என்றாள். அம்மாவின் அடுத்த சிலிண்டருக்கு மாதாமாதம் எடுத்து வைக்கும் காசிலிருந்து அனுப்பிவிட்டேன். மைனிக்கு என்ன செய்வதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மோர்க்குழம்பு திரிந்துபோகிறதென்று எழுதியவர்களுக்கு அடுத்த இதழில் பதில்.