அடுத்து யாருங்க?



இந்தத் தீபாவளி இதழ் உங்கள் கைக்கு வரும்போது வீட்டில் மளிகைச் சீட்டு எழுதி முடித்திருப்பீர்கள். மாதச் சாமானோடு கடலை மாவும் நெய்யும் முந்திரியும் சேர்ந்துகொள்ள, அடுத்த சில நாட்களுக்கு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்தை நெருங்குவதே பெரும்பாடாக இருக்கும். அந்த வரிசையைப் பற்றி இந்த முறை உங்களோடு பேச ஆசை.

அண்ணாச்சி கடையில் வரிசை கிடையாது. ஒருவர் கால் கிலோ துவரம்பருப்பு கேட்டுக்கொண்டிருப்பார். அவர் கைக்கு அடியில் ஒரு சிறுவன் ஷாம்பு பாக்கெட்டுக்குக் காசை நீட்டுவான். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் யார் முதலில் வந்தது என்று அண்ணாச்சிக்குத் தெரியும். "பாட்டிக்குக் கொடுத்துட்டு வர்றேன், இரும்மா" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். ஒழுங்கு அவர் பொறுப்பு. 1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்து, வேண்டியதை வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளலாம் என்று மாற்றினார். எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டாம், கடைசியில் பணம் வாங்க ஓரிடம் போதும். கடை முழுக்கச் சுற்றியவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் வந்து நின்றுதான் ஆக வேண்டும். பருப்பைத் தேடி எடுக்கும் வேலை அன்றைக்கு வாடிக்கையாளர் கைக்கு வந்தது. யார் முன்னால், யார் பின்னால் என்று பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சியின் வேலையும் சத்தமில்லாமல் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. இந்த இரண்டாவது வேலையை நாம் இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

உடனே, "நம்ம ஆட்களுக்கு வரிசையே தெரியாதுங்க" என்று ஒருவர் சொல்வார். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு கிடந்தபோது, லாரித் தண்ணீருக்காகத் தெருத்தெருவாகப் பிளாஸ்டிக் குடங்கள் நின்றதைப் பார்த்தவர்கள் நாம். குடத்தை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனவரின் குடத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் நகர்த்தி வைத்தார். ரேஷன் கடை வாசலில் பையும் கல்லும் செருப்பும்கூட ஆளுக்குப் பதிலாக நின்றிருக்கின்றன. அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கிடைக்கும் அளவும் ஏறக்குறைய முன்கூட்டியே தெரியும். அந்தப் பழக்கத்தை அப்படியே சூப்பர் மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து, காலிக் கூடையை வரிசையில் வைத்துவிட்டுச் சாமான் எடுக்கப் போவதுதான் சரிப்படவில்லை. பின்னால் நிற்பவருக்கு நம்மை யாரென்று தெரியாது. கூடையைத் தாண்டிப் போவதா, நகர்த்துவதா என்று அவர் தவிக்கிறார். நாம் திரும்பி வரும்போது அந்தக் கூடைக்குப் பதில் ட்ராலி நிறையச் சாமான். கணவர் ஒரு வரிசையில், மனைவி இன்னொரு வரிசையில் நின்று, எது முந்துகிறதோ அதில் சேர்ந்துகொள்வதும் இந்த ரகம்தான்.

"ஒரே ஒரு பால் பாக்கெட்தாங்க" என்று ஒருவர் வந்து நிற்கும்போது என்ன செய்வது? விட்டுக்கொடுக்கலாம் என்றுதான் மனசு சொல்லும், நல்ல மனசு. ஆனால் அப்போது நாம் கொடுப்பது நம் நேரத்தை மட்டும் அல்லவே! நமக்குப் பின்னால் நிற்கும் ஆறு பேருடைய நேரத்தையும் சேர்த்து, அவர்களைக் கேட்காமலே எடுத்துக் கொடுக்கிறோம். போன மாதம் எங்கள் பகுதிக் கடையில் ஒரு நடுவயதுப் பெண்மணி இதை எப்படிச் செய்ய வேண்டும் என்று காட்டினார். கட்டட வேலை முடித்து வந்த ஒருவர் வரிசையின் கடைசியில் நின்றார். சட்டைக் கையில் சிமென்ட் காய்ந்திருந்தது, கையில் ஒரு பிரெட், இரண்டு வாழைப்பழம், நான்காக மடித்த நூறு ரூபாய். அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்த அந்தப் பெண்மணிதான், இடையில் இருந்தவர்களிடம், "அவரை முன்னாடி விட்டுடலாமாங்க?" என்று கேட்டார். இரண்டு பேர் தலையசைத்தார்கள். முதுகில் பையோடு நின்ற ஒரு கல்லூரி மாணவர், "எனக்கு பஸ்சுக்கு நேரமாச்சுக்கா" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தானே? அந்தப் பெண்மணி ஒரு கணம் யோசித்துவிட்டு, அந்தத் தொழிலாளியைத் தன் இடத்தில் நிற்கச் சொல்லி, தன் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய்விட்டார். அவருடைய நேரத்தைத் தவிர வேறு யாருடைய நேரமும் அங்கே செலவாகவில்லை. கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள், முதியவர்கள் வந்தால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு மொத்த வரிசையும் கடமைப்பட்டிருக்கிறது.

பக்கத்து வரிசைதான் வேகமாக நகர்கிறது என்று எல்லாருக்கும் தோன்றும். அது வெறும் தோற்றமும் இல்லை. மூன்று வரிசை இருந்தால் நம்முடையதே முதலில் முடிய மூன்றில் ஒரு வாய்ப்புதான். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ.கே. எர்லாங் 1909-இல் எழுதத் தொடங்கிய கணக்குகளிலிருந்து, காத்திருப்பதை ஆராயும் துறையே ஒன்று வளர்ந்திருக்கிறது. பல கவுண்டர்களுக்கும் சேர்த்து ஒரே வரிசை விட்டால் முதலில் வந்தவர் முதலில் போவார், ஏமாந்த உணர்வு யாருக்கும் வராது. இதற்குக் கடைக்காரர்கள் செலவு செய்ய வேண்டியது ஒரு கயிறும் இரண்டு கம்பமும்தான். அதுவரை, புதுக் கவுண்டர் திறந்ததும் கடைசியில் நிற்பவர் ஓடிப்போய் முதல் ஆளாக நிற்காமல், அதிக நேரம் காத்திருந்தவரைப் பார்த்து "நீங்க போங்க" என்று சொல்ல நம்மால் முடியும்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது வரிசையின் மறுமுனையில் இருப்பவரைப் பற்றி. பில் போடும் அந்தப் பெண்ணுக்கு, அல்லது பையனுக்கு, நம்மைப் போல் வரிசை நகர்ந்து முடிவதில்லை. ஒருவர் போனால் அடுத்தவர். "அடுத்து யாருங்க?" என்பதை ஒரு நாளில் எத்தனை முறை சொல்லியிருப்பார்! காய்கறியை எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டாமல் கொண்டுவந்தால் அவர் கை அங்கேயே நிற்கும். யாராவது எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். பில் ஏறிய பிறகு "இது வேண்டாம், எடுத்துடுங்க" என்றால் பல கடைகளில் சூப்பர்வைசர் வந்து பாஸ்வேர்டு போட வேண்டும். அவர் வரும்வரை பின்னால் இருப்பவர்களின் எரிச்சல் முழுவதும் விழுவது அந்தப் பெண்ணின் மீது. வேண்டாம் என்ற முடிவை வரிசையில் நிற்கும்போதே எடுத்துவிட்டு, ஐஸ்கிரீமைச் சாக்லேட் தட்டில் செருகாமல் அவரிடமே ஒப்படைத்துவிடுங்கள். நம் முறை வரும்போது போனில் பேசிக்கொண்டே கையால் சைகை காட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எதிரில் இருப்பது ஒரு மனுஷி. பணத்தையும் மேசை மேல் போடாமல் அவர் கையில் கொடுங்கள். எதிரே நிற்பவரின் கையைத் தவிர்த்த வரலாறு நம் ஊருக்கு உண்டு. அதன் நிழல்கூட இந்த மேசையில் விழ வேண்டாம்.

அவர் உட்கார்ந்து வேலை பார்த்தால் முகம் சுளிக்காதீர்கள். 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் செய்து, கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். கேரளத்தில் பெண் தொழிலாளர்கள் போராடி, 2018-லேயே அந்த உரிமையைப் பெற்றார்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்யும் கடைப் பிள்ளைகளின் பாட்டை, 2010-இல் வந்த 'அங்காடித் தெரு' படம் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்னும் பல கடைகளில் ஸ்டூல் சுவரோரம் சும்மாதான் கிடக்கிறது. வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்று முதலாளி நினைக்கிறார். "உட்காருங்கம்மா, எங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்று முதலாளி காதுபட நாம் சொன்னால், அந்த எண்ணம் சீக்கிரம் மாறும்.

இன்னொரு சின்ன விஷயம், பெண் வாசகர்கள் பலருக்கும் தெரிந்த சங்கடம். "போன் நம்பர் சொல்லுங்க" என்று கேட்டால், பின்னால் நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழும்படி பத்து இலக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்பரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வியாபாரிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. "வேண்டாங்க, பில் மட்டும் போடுங்க" என்று தயங்காமல் சொல்லலாம். பின்னால் நிற்கும் நாம் இரண்டடி தள்ளி நின்று, முன்னால் இருப்பவர் ரகசிய எண்ணை அழுத்தும்போது வேறு பக்கம் பார்க்கலாம். கூட்டம் இருந்தாலும் இரண்டடி கிடைக்கும்.

உங்கள் ஊர்க் கடைகளில் பில் போடுபவர்களுக்கு நாற்காலி இருக்கிறதா, அதில் அவர்கள் உட்கார்கிறார்களா என்று இந்தத் தீபாவளிக் கூட்டத்தில் கவனித்து எங்களுக்கு எழுதுங்கள். கவுண்டரின் அந்தப் பக்கத்தில் வேலை செய்யும் வாசகர்கள் எழுதினால் இன்னும் மகிழ்வோம். பெயர் வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். வரும் கடிதங்களுக்கு அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

தீபாவளி வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆசிரியர்